பொய்ப்பசி

தின்னாமலே எடை ஏறும். எடை ஏற ஏற இளைக்கும். அது எது? சொல்லுங்கள் பார்ப்போம்.

மழையில் நனைந்த பஞ்சு மூட்டையா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். பஞ்சு எங்கே அம்மா இளைக்கிறது? இல்லை. யோசித்துக்கொண்டே வாருங்கள். பஸ் இன்னும் ஒரு மணி நேரம் போகும். விடையை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இப்போது இல்லை.

மடியில் இருக்கிற பிள்ளைக்கு ஏழு மாதமா, எட்டா? எட்டு. அப்படியானால் எட்டுக் கிலோவுக்கு ஒரு நூற்றைம்பது கிராம் குறைவாக இருக்கும். போன வாரம் ஊசி போடும்போது எடை பார்த்தீர்களா? ஏழு எண்ணூற்றைம்பது! பார்த்தீர்களா? நான் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் பார்வைதான். இருபத்தாறு வருஷமாக அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போடுகிறவள் நான். ஊஞ்சல் மாதிரித் தொங்குமே தராசு, அதில் உட்கார வைத்து, காலை ஆட்டாதே கண்ணு என்று சொல்லி, முள் நிற்கும் வரை பொறுத்திருந்து பார்ப்பேன். மற்ற டீச்சர்கள் உத்தேசமாக எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். எங்கள் பக்கத்தில் வேதவல்லி டீச்சர் என்று கேட்டுப் பாருங்கள். என் பதிவேட்டில் ஒரு பிள்ளைகூடச் சத்துக் குறைவைக் காட்டுகிற சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடையாது.

அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, நான் வளர்த்த பிள்ளை சத்தில்லாமல் வாடிப்போயிருக்கிறாள் என்று ஒருத்தி சொல்கிறாள். பெரியாஸ்பத்திரியில், எல்லார் முன்னாலும். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் என்ன வைத்திருந்தாள் தெரியுமா? ஒரு நாடா. தையல்காரர் கழுத்தில் போட்டிருப்பாரே, அதே நாடா.

என் தம்பி மகள் மதிவதனிக்கு ஒன்பது வயது. வதனி என்று கூப்பிடுவோம். ஆறு வயதில் அவளுக்கு முகம் வீங்கியது. டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரக வியாதி, சிறுநீரில் புரதம் ஒழுகிப் போகிறது, வந்து வந்து போகும், வருஷக் கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். உப்பைக் குறையுங்கள் என்றார். ஒரு மாத்திரை கொடுத்தார். இந்த மாத்திரை போட்டால் பிள்ளைக்குப் பசி அதிகமாக எடுக்கும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

மற்றவர்களாக இருந்தால் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் மாத்திரையையும் கொடுத்தேன், யோசிக்கவும் செய்தேன். உப்பைக் குறைக்கச் சொல்கிறார் என்றால் உப்பு ஆகாது என்றுதானே அர்த்தம்? அப்புறம் எதற்குக் கொஞ்சம்? நிறுத்திவிட்டேன். புரதம் ஒழுகுகிறது என்கிறார். ஒழுகுகிற இடத்தில் மேலே மேலே ஊற்றினால் இன்னும்தானே ஒழுகும்? முட்டை, பருப்பு, கடலை, பால் எல்லாவற்றையும் நிறுத்தினேன். பசி மாத்திரையால் வருகிறது என்றால் அது வயிற்றின் பசி இல்லை, மாத்திரையின் பசி. அதற்கு நான் ஒரு பெயர் வைத்தேன். பொய்ப்பசி. பிள்ளைக்குப் புரிய வேண்டும் இல்லையா? அங்கன்வாடியில் பழகிய கை, எதையும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுவேன்.

"அத்தை, பசிக்குது" என்று வருவாள்.

"மணி என்ன?"

"நாலு."

"சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ஏழு."

"அப்ப இது என்ன பசி?"

"பொய்ப்பசி அத்தை."

"சமத்து. போய் விளையாடு."

அடம் பிடிக்க மாட்டாள். அப்படி வளர்த்திருந்தேன். யார் வீட்டுக்குப் போனாலும், சாப்பிட்டியா என்று கேட்டால் ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும், இல்லை என்று சொன்னால் சோறு கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

நான் மட்டும் நாக்குக்கு ருசியாகத் தின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு என்ன சோறோ அதுதான் எனக்கும். உப்பில்லாத கஞ்சி, ரசமில்லாத சோறு, வேகவைத்த சுரைக்காய். மூன்று வருஷம். எனக்கு என்ன ஆகிவிட்டது? இந்த வளையல் முழங்கை வரை போகிறது, அது வயசு. ஐம்பத்தொன்று ஆகிறது அல்லவா?

அவள் அம்மா இல்லையா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? இருக்கிறாள். தனக்கொடி என்று பெயர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள். வியாதி வந்த முதல் வருஷம். ஒரு மத்தியானம் பிள்ளையின் தட்டைப் பார்க்கிறேன், சோற்றுக் குவியலுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. விரலால் விலக்கினால் அவித்த முட்டை. முழு முட்டை! சோற்றுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள், திருட்டுப் பொருள் மாதிரி.

"ஏ தனக்கொடி, பிள்ளையக் கொல்லப் பாக்கிறியா?"

"அண்ணி, அது அழுவுது அண்ணி. எலும்பு தெரியுது."

"எலும்பா? போன மாசத்தவிட அரைக் கிலோ கூடியிருக்கு. என் தராசு பொய் சொல்லுமா?"

என் தம்பி குமரேசன் லாரி ஓட்டுகிறவன், வடக்கே போனால் இருபது நாள் ஆகும் திரும்ப. அன்றைக்கு வீட்டில் இருந்தான். அக்கா சொல்றதக் கேளு என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். அவனுக்கு என் மேல் அவ்வளவு மரியாதை. அவள் மூட்டை கட்டிவிட்டாள். ஒரு ரூம் பார்த்துவிட்டு வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், அது உண்மை. ஆனால் போனாள் இல்லையா? மாதம் ஒரு தடவை பஸ் பிடித்து வருவாள். நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். பார்த்தால் பிள்ளை ஏங்கிப்போகும் பாருங்கள்.

அப்புறம் நானும் வதனியும்தான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எடை பார்ப்பேன். அங்கன்வாடியில் பெரியவர்கள் ஏறி நிற்கிற தராசும் இருக்கிறது. அவளுக்கென்று தனியாக ஒரு அட்டை போட்டு வைத்திருந்தேன். கோடு ஏறிக்கொண்டே போகும். இருபது, இருபத்தொன்றரை, இருபத்துமூன்று. கன்னம் இரண்டும் பன் மாதிரி. பார்க்கிறவர்கள் எல்லாம், டீச்சர் பிள்ளைன்னா டீச்சர் பிள்ளைதான், என்ன பூரிப்பு பாருங்க என்பார்கள்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவிலும் போய்ச் சொல்லி வைத்தேன், இந்தப் பிள்ளைக்கு முட்டை போடாதீர்கள் என்று. காலில் வீக்கம் இருக்கிற நாட்களில் பள்ளிக்கு அனுப்பாமல் என்னோடு அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு முட்டை போடுவோம் இல்லையா, அவள்தான் உரித்துக் கொடுப்பாள். ஓடு ஒரு துண்டு ஒட்டாமல், அவ்வளவு சுத்தமாக. ஒரே ஒரு நாள் விரலை நக்கினாள். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா என்றேன். கழுவிக்கொண்டு வந்தாள். அந்த மாதிரிப் பிள்ளை அம்மா அவள்.

இந்த ஆடி மாதம் காய்ச்சல் வந்தது. வயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. மூச்சு வாங்கியது. நானே தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் எடை பார்த்தார்கள். இருபத்துநாலு கிலோ. நான் அங்கன்வாடியில் பார்த்ததும் இருபத்துநாலுதான். அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு திருப்தி. என் தராசு சரி.

பிள்ளைகள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். மறுநாளே அந்தப் பெண் வந்துவிட்டாள். பர்வீன் என்று பெயர். டயட்டீஷியன் மேடம் என்கிறார்கள் எல்லாரும். நாள்பட்ட வியாதியோடு யார் சேர்ந்தாலும் அவர்களுக்குச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதுவது அவள் வேலையாம். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. நானும் அதைத்தானே செய்கிறேன்?

"சாப்டியா பாப்பா?" என்று கேட்டாள்.

"ஆச்சு மேடம்."

எழுதிக்கொண்டாள். இரண்டாம் நாளும் அதே கேள்வி, அதே பதில். எழுதிக்கொண்டாள். மூன்றாம் நாள் கேள்வியைக் கேட்டுவிட்டு, எழுதாமல், பிள்ளையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றிப் பொட்டில் விரல் வைத்துத் தடவினாள். தோள்பட்டையைத் தடவினாள். காலில் கட்டை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, அப்படியே நின்றது. 

நாலாம் நாள் சரியாகச் சாப்பாட்டு வண்டி வருகிற நேரத்துக்கு வந்து நின்றாள். வண்டிக்காரம்மா சோறு, பருப்பு, முட்டை, ஒரு காய் என்று தட்டில் வைத்துக் கொடுத்தாள். நான் வழக்கம்போல முட்டையையும் பருப்பையும் எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். வீணாகக் கூடாது, வேறு பிள்ளைக்கு ஆகும்.

"தினமும் இப்படித்தானா டீச்சர்?" என்றாள் பர்வீன்.

"இது ஆகாதும்மா இவளுக்கு. புரதம் ஒழுகுற வியாதி."

அவள் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, பசிக்குதா?"

வதனி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளைப் பார்த்தாள். "எந்தப் பசியக் கேக்கிறீங்க மேடம்? நிஜப் பசியா, பொய்ப்பசியா?"

"ரெண்டு பசி இருக்கா? எனக்குத் தெரியாதே. என்ன வித்தியாசம்?"

"அத்தை சோறு போடுற நேரத்துக்கு வந்தா நிஜப் பசி. மத்த நேரத்துக்கு வந்தா பொய்ப்பசி."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் பாருங்கள்! எனக்குப் பெருமையாக இருந்தது. நானே இப்படிச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"பொய்ப்பசி வந்தா என்ன செய்வ?"

"தண்ணி குடிப்பேன். ஆனா தண்ணியும் ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான். அதுக்கப்புறம் நூறு எண்ணுவேன் மேடம். எண்ணி முடிச்சா பாதி போயிரும்."

"முழுசும் போகாதா?"

"முழுசும் போனதில்ல."

பக்கத்துக் கட்டில்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நூறு வரை எண்ணச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அப்போதுதான் அந்த நாடாவை எடுத்தாள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, சுற்றிப் பிடித்தாள். பதின்மூன்று சென்டிமீட்டர்.

"எங்க கிட்டயும் நாடா உண்டும்மா" என்றேன். "ஆனா அது அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு. இவளுக்கு ஒன்பது வயசு. எடையப் பாரு, இருபத்துநாலு."

"டீச்சர், இந்த வியாதில எடைய மட்டும் நம்பக் கூடாது. ஒழுகிப் போற புரதம்தான் ரத்தத்துல தண்ணிய நிறுத்தி வைக்கும். அது போனா தண்ணி தசைக்குள்ள எறங்கி நிக்கும். தராசு தண்ணியையும் சேத்துத்தான் காட்டும். ஒன்பது வயசுக் கை இது இல்ல டீச்சர். ஒழுகுறதால இன்னும் கூடுதலாத்தான் குடுக்கணும், நிறுத்தக் கூடாது."

"இருபத்தாறு வருஷமா எடை போடுறவ நான்."

"தெரியும் டீச்சர். அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு சொல்றேன்."

பேச்சைப் பார்த்தீர்களா? அவள் இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டுப் போன தாளைச் சிஸ்டரிடம் காட்டி, என்னம்மா போட்டிருக்கிறது என்று கேட்டேன். சிஸ்டர் படித்துச் சொன்னாள். கடுமையான சத்துக் குறைவு, வீட்டில் போதுமான உணவு கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்படவில்லை! அந்த ஒரு வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது அம்மா. முள் குத்தின மாதிரி.

அன்றையிலிருந்து மருந்து ஏற்றினார்கள், நீரை இறக்கினார்கள். முட்டையையும் பருப்பையும் என் கண் முன்னாலேயே ஊட்டினார்கள். பிள்ளை ஒரு நாள் இரண்டு முட்டை தின்றாள், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து. தினமும் காலையில் எடை. இருபத்திரண்டு. இருபத்தொன்று. பத்தொன்பதரை. ஒன்பதாம் நாள் பதினேழு அறுநூறு. நான் கூட்டிப்போனது இருபத்துநாலு கிலோப் பிள்ளை. ஆறு கிலோவுக்கு மேல் இளைக்க வைத்துவிட்டு, நான் பட்டினி போட்டேன் என்கிறார்கள்! கன்னம் வற்றிவிட்டது. கை, விளக்குமாற்றுக் குச்சி. விலா எலும்பை எண்ணலாம். இந்தக் கோலத்தில் என் பிள்ளையை நான் ஒரு நாளும் வைத்திருந்ததில்லை.

அன்றைக்குத்தான் அந்த விடுகதை. தராசிலிருந்து இறங்கி வந்தவள் வார்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அங்கன்வாடியில் என்னைப் பார்த்துப் பழகியவள் அல்லவா, நான் போடுகிற மாதிரியே போட்டாள். தின்னாமலே எடை ஏறும், எடை ஏற ஏற இளைக்கும், அது எது? ஒரு பிள்ளை ஸ்பான்ஜ் என்றது. ஒன்று மேகம் என்றது. நான் பஞ்சு மூட்டை என்றேன்.

"இல்ல அத்தை, நான்தான்" என்றாள்.

பிள்ளைகள் எல்லாம் கைதட்டின. பர்வீனும் தட்டினாள். விடை கிடைத்துவிட்டதா உங்களுக்கு? எனக்கு என்னவோ அது சரியான விடையாகப் படவில்லை. விடுகதைக்கு விடை ஒரு பொருளாக இருக்க வேண்டும். நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பத்தாம் நாள் தனக்கொடி வந்து நின்றாள். யார் சொன்னார்களோ தெரியாது. பிள்ளையைப் பார்த்ததும் ஐயோ என்று அலறவில்லை, என்னைத் திட்டவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்து, பர்வீனிடம் போய், எது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவள். பருப்பு ஒரு கரண்டி, முட்டை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி.

இன்றைக்குக் காலையில் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். பர்வீன் ஒரு தாள் கொண்டு வந்தாள். வேளாவேளைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அடியில் ஒரு வரி: உணவு கொடுக்கும் பொறுப்பாளர் பெயர். யார் பெயர் எழுதுகிறோமோ அவர்களோடுதான் பிள்ளை போகும், வாராவாரம் அவர்கள்தான் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்றாள்.

"எழுதிக்கம்மா. வேதவல்லி" என்றேன்.

"அண்ணி, இந்தத் தடவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் தனக்கொடி.

"எங்க? அந்த ஒத்த ரூமுக்கா?"

"ஒத்த ரூம்லயும் அடுப்பு இருக்கு அண்ணி."

குமரேசனுக்குப் போன் போட்டேன். நாக்பூர் பக்கம் எங்கோ இருந்தான். எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன், அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும் என்பதால். லாரிச் சத்தத்துக்கு நடுவில் நான் சொன்னதைக் கேட்டான்.

"அக்கா, புள்ளயவே கேளுங்க" என்றான். வைத்துவிட்டான்.

நான் வதனியிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். உன் பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது, உன் சிநேகிதிகள் இருக்கிறார்கள், திருப்பூரில் யாரைத் தெரியும் உனக்கு, அம்மா வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் யார் பார்ப்பார்கள். முட்டையும் தருகிறேன் என்றேன், வாரத்துக்கு ஒன்று, வெள்ளை மட்டும். இதற்கு மேல் நான் எவ்வளவு இறங்கி வர முடியும், சொல்லுங்கள். தனக்கொடி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

பர்வீன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மதிவதனி, இந்த இடத்துல யார் பேரை எழுதட்டும்?" என்று கேட்டாள்.

வதனி, "தனக்கொடி" என்றாள்.